சிறந்த தாய்க்கு ஒரு பக்கெட்

சார்... சார், கோச்சுக்காதீங்க. அந்தப் பாட்டில மொதல்ல துண்டுக்குள்ள மறைங்க. எதுக்கா? ஊசி ரூமுக்குள்ள இருக்காங்களே ஹெலன் சிஸ்டர், அவங்க கண்ணுல பட்டுச்சுன்னு வைங்க, புள்ளைக்குப் போடற ஊசிய உங்களுக்குப் போட்டு அனுப்பிடுவாங்க. ஹாங், அப்படி. இப்ப கொஞ்சம் தூக்குங்க. பாட்டில சொல்லல, புள்ளைய. தலை ஒசரமா இருக்கணும். நிப்பிள் பூரா பால் ரொம்பி நிக்கணும், இல்லாட்டி பாதி காத்துதான் உள்ள போவும், அப்புறம் உங்கள யாரு தூங்க விடறது? பாருங்க, இழுக்கிறா. பொண்ணா? பேரு இன்னா? ஆதிரையா... நல்ல பேரு சார்.

என்னப் பாத்தா இதெல்லாம் தெரிஞ்ச ஆளு மாதிரி இல்லல்ல? எல்லாரும் அதான் சொல்றாங்க. நான் பரோட்டா மாஸ்டர் சார். குமணன்சாவடி ஸ்டாப்பிங்ல இறங்கி மாஸ்டர் தட்சணான்னு கேட்டா கடைக்குக் கூட்டிக்கினே வந்து விட்டுடுவாங்க. இதோ, மடியில தூங்குறானே, இவன் என் பையன், முகிலன். ஒம்பதாம் மாச ஊசிக்கு வந்திருக்கோம். எனக்கு டோக்கன் முப்பத்தேழு, இப்பதான் பன்னெண்டு ஓடுது. உங்க வீட்ல கார்டு எடுக்கப் போயிருக்காங்களா? மெதுவா வரட்டும். எனக்கு இந்த ஹெல்த் சென்டரு மேல ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. உள்ள வரும்போதெல்லாம் எரியுது. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும்.

போன ஆகஸ்ட் மாசம் இங்க தாய்ப்பால் வாரம்னு கொண்டாடுனாங்க. ஏரியாவுல சிறந்த தாய்க்கு ஒரு பரிசு. பக்கெட்டு சார், மூடி போட்ட பக்கெட்டு, நீலக் கலரு. உள்ள புள்ளைங்க சோப்பு, துண்டு, சத்துமாவு எல்லாம் இருக்கு. நியாயமா அந்த பக்கெட்டு எனக்கு வரவேண்டியது.

சிரிக்காதீங்க. முழுசா கேட்டுட்டு சிரிங்க.

என் சம்சாரம் பவானி, ஒரகடத்துப் பக்கம் ஒரு போன் கம்பெனியில வேலை செய்றா. ஸ்க்ரூ போடற வேலைதான், பெருசா ஒண்ணும் இல்ல. நாப்பது பேரு இருக்கிற லைனுக்கு அவ லீடரு, அவ்ளோதான். காலையில அஞ்சு இருபதுக்கு கம்பெனி பஸ்ஸு எங்க பால்கனிக்குக் கீழ, தெருமுனையில வந்து நிக்கும். மூணரைக்குக் கொண்டாந்து விட்டுடும். இவன் பொறந்ததுக்கு ஆறு மாசம் லீவு குடுத்தாங்க. ஜூலை இருபதாம் தேதி போய்ச் சேரணும், சேரலைன்னா அந்த எடத்துக்கு வேற ஆளு. கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து போற வேலை சார் அது. தூக்கத்துலகூட லைன் நிக்குது, லைன் நிக்குதுன்னு பொலம்புவா.

அவங்க அம்மா வந்து பாத்துக்க முடியாது. பெரியபாளையத்துல கோயில் வாசல்ல பூக்கடை வெச்சிருக்காங்க, ஆடி மாசத்துல அவங்கள அங்கேருந்து கிளப்பவே முடியாது. எங்கம்மா ஆரணியில எங்க அண்ணன் வீட்ல, முட்டி ஆபரேஷன் பண்ணிக்கினு படுத்திருந்தாங்க. நான் கடைக்குப் போறது சாயங்காலம் நாலரைக்கு. பகல் பூரா வீட்லதான். அதனால, புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ போடின்னு பெருந்தன்மையா சொல்லிட்டேன்.

பத்து நாளு முன்னாடியே பாட்டிலு பழக்கணும்னு பவானி சொன்னா. அவ பால எடுத்து பாட்டில்ல ஊத்திக் குடுத்தா. அதுக்குன்னு ஒரு பம்ப் இருக்குது சார், சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி கையால அடிக்கணும். முக்கா மணி நேரம் அடிச்சா அரை பாட்டில் வரும். அதுல அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, சும்மா உக்காந்துக்கினு அடிக்கிறதுதான். கஷ்டமெல்லாம் அதுக்கப்புறம் எனக்குத்தான்.

மொத நாளு நிப்பிள் வாயில பட்டதும் இவன் என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க. சால்னா தீந்துடுச்சுன்னு சொன்னா கஸ்டமர் பாப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம் கத்த ஆரம்பிச்சவன்தான். அவ சத்தம் கேட்டா குடிக்க மாட்டான்னு பவானிய வெளிய அனுப்பிட்டேன். இவன் உள்ள கத்துறான், அவ மாடிப்படியில உக்காந்து அழுவுறா. ரெண்டு மணி நேரம். கதவத் தொறந்து பாக்குறேன், நைட்டி முன்பக்கம் பூரா ஈரம். புள்ள அழுவுற சத்தம் கேட்டா பால் தானா வருமாம் சார். எனக்கு அதெல்லாம் அப்ப தெரியாது. ஏன்டி, தண்ணி குடிக்கும்போது மேல ஊத்திக்கினியான்னு கேட்டுட்டேன். அதுக்கு அவ மொறைச்ச மொறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கு.

மூணு நாளு, நாலு நாளு. ஒரு சொட்டு எறங்கல. அஞ்சாம் நாளு எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு. ஓட்டை சின்னதா இருக்குது, இவன் இழுத்து இழுத்துப் பாத்துட்டு வெறுத்துப் போறான்னு நானே முடிவு பண்ணி, கோணி ஊசிய அடுப்புல காய்ச்சி நிப்பிள்ல இன்னும் ரெண்டு ஓட்டை போட்டேன். எங்க பில்டிங்ல நெறைய பேரு பண்றதுதான். பால் கடகடன்னு வந்துச்சு. நேரா மூக்குல ஏறிடுச்சு. இவன் மூஞ்சி ஒரு மாதிரி நீலமா ஆயி, மூச்சு வரல சார். எதுத்த வீட்டு மும்தாஜ் அக்கா ஓடியாந்து, குப்புறப் போட்டு முதுகுல ரெண்டு தட்டு தட்டுனாங்க. அப்புறம்தான் அழுதான். அவன் அழுவுறத கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்னிக்கு மட்டும்தான். அன்னிக்கு சாயங்காலம் கடையில, கல்லுல ரெண்டு பரோட்டா கிழிஞ்சுது. பதினோரு வருஷ சர்வீஸ்ல ஒண்ணு கிழிஞ்சதில்ல. நீங்க அந்த வேலைய செய்யாதீங்க சார், எவன் சொன்னாலும் செய்யாதீங்க.

எட்டாம் நாளு பவானி அயர்ன் பண்ணி வெச்சிருந்த யூனிஃபார்ம எடுத்து மறுபடி பீரோவுக்குள்ள வெச்சா. வேலைய விடறதுக்கு கம்பெனிக்கு என்னான்னு எழுதணும்னு கேட்டா. என்னைவிட அவளுக்குச் சம்பளம் ஜாஸ்தி. கொஞ்சம்தான் ஜாஸ்தி.

அப்ப மும்தாஜ் அக்காதான் சொன்னாங்க. "தம்பி, உன் மேல எண்ணெ வாசனை. அதுக்கு அவங்க அம்மா வாசனை வேணும். அவ துணி ஏதாவது மேல போட்டுக்கினு குடுத்துப் பாரு."

மொதல்ல அவ துப்பட்டாவ தோள்ல போட்டேன். வந்தான், மோந்தான், ரெண்டு வாய் இழுத்தான், அப்புறம் என் நெஞ்சு முடியப் புடிச்சு ஒரு இழுப்பு. அதோட சரி. பவானி என்னையே பாத்தா. நான் அவளப் பாத்தேன். அவ எந்திரிச்சு உள்ள போயி, தான் போட்டிருந்த நைட்டிய மாத்திக்கினு அதைக் கையில கொண்டாந்தா. காப்பிக் கலரு, மஞ்சப் பூ போட்டது, முன்பக்கம் ஜிப்பு. நான் முடியாதுன்னேன். மீசைய வெச்சுக்கினு இதப் போடறதான்னேன். "அப்ப மீசைய எடுத்துடுங்க"ன்னா. நைட்டியக் குடுன்னு வாங்கிட்டேன்.

தோளு எறங்கல. என் கைய பாருங்க, பதினோரு வருஷம் மாவு அடிச்ச கை. இவ ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, எப்படியோ உள்ள போயிட்டேன். ஜிப்பு பாதியில நின்னுடுச்சு. மேல துப்பட்டாவப் போத்திக்கினு சம்மணம் போட்டு உக்காந்து இவன வாங்குனேன். மூஞ்சிய நைட்டிக்குள்ள புதைச்சான் சார். ஜிப்புல தொங்குற கயித்த ஒரு கையால புடிச்சிக்கினான். பாட்டில வாயில வெச்சேன். குடிச்சான். அவன் பாட்டுக்கு, கண்ண மூடிக்கினு, காலியாவுற வரைக்கும் குடிச்சான். பவானி கதவு சந்துலேருந்து பாத்துக்கினு வாயப் பொத்திக்கினு நிக்கிறா, சிரிக்கிறாளா அழுவுறாளான்னு தெரியல. நான் அழுதேன். சொல்றதுல இன்னா வெக்கம், நல்லாவே அழுதேன்.

இருபதாம் தேதி அவ வேலைக்குப் போயிட்டா.

அதுக்கப்புறம் ஒரு ஏற்பாடு. ராத்திரி அந்த நைட்டிய போட்டுக்கினு அவ தூங்குவா. தோய்க்கக் கூடாது. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, சமைச்சு, பம்ப் அடிச்சு, இவனுக்கு ஒரு தடவை குடுத்துட்டு, யூனிஃபார்ம் மாத்திக்கினு நைட்டிய என்கிட்ட குடுப்பா. சூடு ஆறுறதுக்குள்ள நான் போட்டுக்கணும். அதோட அவ வேலை முடிஞ்சுது. அஞ்சு இருபதுலேருந்து மூணரை வரைக்கும் என் டியூட்டி. சாயங்காலம் வந்ததும் பவானியம்மா பத்து நிமிஷம் காலு நீட்டிப் படுப்பாங்க. எனக்கு அந்தப் பத்து நிமிஷம்கூட கெடையாது சார்.

ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க. நைட்டி நல்லாத்தான் இருக்கு. காத்தோட்டமா, இடுப்புல இறுக்காம. பொம்பளைங்க அத விட மாட்டேங்கிறது எதுக்குன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. கதவ சாத்திடுவேன், ஜன்னல் ஸ்க்ரீன இழுத்து விட்டுடுவேன். மும்தாஜ் அக்காவுக்கே தெரியாது. ஒரு நாளு ஜிப்பு பக்கத்துல கிழிஞ்சு போச்சு. அன்னிக்குன்னு பாத்து அக்கா கதவத் தட்டி, "தம்பி, ஊக்கு வேணுமா, பெருசா இருக்கு"ன்னு கேட்டாங்க. எதுக்குக் கேட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. நல்ல மனசு, குடுத்தாங்க, வாங்கிக்கினேன்.

இப்ப சிஸ்டர் கதைக்கு வர்றேன். எங்க பில்டிங்ல பன்னெண்டு வீடு, அஞ்சு கைப்புள்ள. அஞ்சு வீட்லயும் பாட்டில் உண்டு. ஆனா ஹெலன் சிஸ்டர் வந்து கேட்டா ஒரு வீட்லயும் இருக்காது. சிஸ்டர் கேட்டுக்குள்ள காலு வெச்சதும் கீழ் வீட்டு அக்கா ஒரு எவர்சில்வர் தட்ட டமால்னு கீழ போடுவாங்க. அதான் சிக்னல். ஒரு வீட்ல பாட்டில் குக்கருக்குள்ள போவும், ஒரு வீட்ல வாஷிங் மெஷினுக்குள்ள. மும்தாஜ் அக்காவுக்கு அப்ப எட்டு மாசத்துல ஒரு பொண்ணு, அவங்க பாட்டில் அரிசி டப்பாவுக்குள்ள போவும். சிஸ்டர் பாவம், எல்லா வீட்லயும் தாய்ப்பால் தாய்ப்பால்னு எழுதிக்கினு போவாங்க.

அன்னிக்கு செவ்வாக்கெழமை, மணி பதினொண்ணு. நான் ஹால்ல உக்காந்து குடுத்துக்கினு இருக்கேன். தட்டு விழுந்துச்சு. விழுந்தா எனக்கு இன்னா, கதவுதான் சாத்தியிருக்கேன்னு இருந்தேன். தாப்பா போடல சார். பால்காரர்கிட்ட கவர வாங்கிட்டு அப்படியே சாத்திட்டேன். கதவு தொறக்குது. எந்திரிச்சு ஓட நேரமில்ல. அப்படியே செவுத்தப் பாக்கத் திரும்பி, துப்பட்டாவ தலையோட இழுத்து மூடிக்கினேன்.

"பவானியா? பால் குடுக்கிறியா? திரும்பாதம்மா, அப்படியே இரு. பாதியில நிறுத்தக் கூடாது"ன்னு சிஸ்டர் வாசப்படியிலேயே நின்னுட்டாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது.

"வேற ஏதாவது குடுக்கிறியாம்மா? மாட்டுப்பால், பவுடர்?"

இல்லைன்னு தலைய ஆட்டுனேன்.

"பாட்டில்?"

பாட்டில் கையில இருக்குது சார். இவன் சப்புக் கொட்டிக்கினு குடிக்கிறான். இல்லவே இல்லைன்னு தலைய ரெண்டு தரம் ஆட்டுனேன்.

"வீட்டுக்காரர் ஒத்தாசையா இருக்காரா?"

எவ்ளோ வேகமா ஆமான்னு ஆட்டிட்டேன்னா, துப்பட்டா நழுவி நெத்திக்கு வந்துடுச்சு. நல்லவேளை, பின்னாடி கிராப்பு தெரியல.

சிஸ்டர் என் முதுக பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. "இப்படித்தான் இருக்கணும். பால் குடுக்கிறவ நல்லா சாப்பிட்டு ஒடம்ப தேத்தி வெச்சிருக்கணும். எல்லாம் குச்சி மாதிரி இருக்குதுங்க. உன்னை எழுதிக்கிறேன். வெள்ளிக்கெழமை சென்டர்ல விழா, உனக்குத்தான் பரிசு, புள்ளையத் தூக்கிட்டு வந்துடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எதுத்த வீட்ல மும்தாஜ் அக்கா இருமுற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. பாவம், அவங்களுக்கு தூசி ஒத்துக்காது.

பவானிகிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் சீரியஸா, போவாதீங்கன்னு சொன்னா. அவளால வர முடியாது, திரும்பச் சேந்து முப்பது நாளைக்கு லீவே கெடையாது, ஒரு நாளு போட்டாலும் லைன மாத்திடுவாங்க. "நீங்களும் போவாதீங்க, மாட்டிக்குவீங்க"ன்னா. ஆனா பக்கெட்டு சார். உழைச்சவன் நானு. சும்மா போயி, வீட்டம்மாவுக்கு வேலை இருக்குன்னு சொல்லி வாங்கிக்கினு வந்துடலாம்னு கணக்குப் போட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கினு இவன தூக்கிக்கினு வந்தேன். இதே ஹாலுதான். டாக்டரம்மா, ஹெலன் சிஸ்டர், அம்பது அறுவது பொம்பளைங்க. எங்க பில்டிங்லேருந்து அஞ்சு வீடும் முன் வரிசையில. பவானின்னு கூப்ட்டாங்க. நான் போனேன்.

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரர் சிஸ்டர். அவ வேலைக்குப் போயிருக்கா."

"எத்தனை மணிக்குப் போவாங்க?"

"அஞ்சு இருபதுக்கு சிஸ்டர்." வாய் அதுவா சொல்லிடுச்சு. தினம் சொல்ற நேரமாச்சே.

"எப்பலேருந்து போறாங்க?"

"போன மாசம் இருபதாம் தேதிலேருந்து."

சிஸ்டர் கண்ணாடிய கழட்டுனாங்க. "அப்ப செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு உங்க வீட்ல நைட்டி போட்டுக்கிட்டு பால் குடுத்தது யாரு?"

ஹால் கப்சிப்புன்னு ஆயிடுச்சு. பின் வரிசையில ஒரு அம்மா பக்கத்துல இருக்கிறவங்க காதுல, "பொண்டாட்டி வேலைக்குப் போனதும் இன்னொருத்திய கூட்டிக்கினு வந்து வெச்சிருக்கான் பாரு"ன்னு சொல்லுது. எனக்கே கேக்குது. ஏன் சார், நான் அப்படிப்பட்ட ஆளா? ரோஷம் வந்துடுச்சு.

"நான்தான் சிஸ்டர்"னு கத்திட்டேன்.

எவ்ளோ நேரம் சிரிச்சாங்கன்னு தெரியல. டாக்டரம்மா மேஜையில தலையக் கவுத்துக்கினாங்க. எங்க கீழ் வீட்டு அக்கா, "ஜிப்பு கிழிஞ்சது வரைக்கும் எங்களுக்குத் தெரியும் சிஸ்டர்"னு எந்திரிச்சு நின்னு சொல்லுது. அந்தச் சத்தத்துல இவன் பயந்து கத்த ஆரம்பிச்சான். பசி நேரம் வேற. நான் பாக்கெட்லேருந்து பாட்டில எடுத்து, மறைக்கக்கூட இல்ல, அங்கேயே நின்னுக்கினு குடுத்தேன். முழுசா குடிச்சான்.

இன்னா சார்? சட்டையிலதான் இருந்தேன், ஆமா. நைட்டி இல்லாமலே குடிச்சானான்னா... அது பசி சார். கூட்டத்துல பயந்துட்டான். ஒரு நாளு குடிச்சான்னு தினம் குடிப்பானா? நடுவுல கேள்வி கேக்காதீங்க, கதை விட்டுப் போவுது.

சிஸ்டர் பக்கத்துல வந்து பாட்டில பாத்தாங்க. "இதுல இன்னா இருக்கு, பவுடரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப கோவம். "எங்க வீட்ல பவுடரே கெடையாது சிஸ்டர். அவ பாலுதான். கம்பெனியில டீக்கு பத்து நிமிஷம் விடுவாங்க. எல்லாரும் டீ குடிக்கப் போவாங்க, அவ ஸ்டோர் ரூம்ல அட்டைப் பொட்டிக்குப் பின்னாடி உக்காந்து எடுப்பா. ரெண்டு டீ பிரேக்கு, ஒரு சாப்பாட்டு நேரம். அங்க பிரிட்ஜுல வெச்சு, ஐஸ் டப்பாவுல போட்டு பஸ்ஸுல மடியில வெச்சுக்கினு வர்றா. அவ டீ குடிச்சு ரெண்டு வாரம் ஆவுது"ன்னு சொன்னேன். சிரிச்சுக்கினு இருந்ததுங்க எல்லாம் நிறுத்திடுச்சுங்க. எதுக்கு நிறுத்துனாங்கன்னு எனக்குப் புரியல. நான் பக்கெட்டுக்கு நியாயம் கேட்டுக்கினு இருந்தேன்.

சிஸ்டர் மேஜைக்குப் போயிட்டு வந்தாங்க. அப்புறம், "பால் ரொம்ப சரி. பாட்டில் தப்பு, கழுவுற கழுவுல ஆயிரம் கிருமி. பாலாடையில குடு, டம்ளர்ல குடு"ன்னு மூக்கு வெச்ச ஒரு எவர்சில்வர் பாலாடைய என் கையில வெச்சாங்க. பக்கெட்டு எங்க சிஸ்டர்னு கேட்டேன். "அது தாய்க்குத்தான்பா"ன்னுட்டு, லிஸ்ட்ல அடுத்த பேர கூப்ட்டாங்க. மும்தாஜ். அரிசி டப்பா மும்தாஜ்! நேரா போயி சிரிச்சுக்கினே வாங்கிக்கினு வந்தாங்க சார். இப்ப அந்த பக்கெட்டுலதான் அரிசி போட்டு வெச்சிருக்காங்க. பாட்டிலும் அதுக்குள்ளதான் இருக்கு.

விஷயம் எனக்கு முன்னாடி கடைக்குப் போயிடுச்சு. டீ மாஸ்டர் ஜோசப்பு என்னைப் பாத்து, "வாங்க மேடம்"னான். கல்லு முன்னாடி நிக்கிறேன், பார்சலுக்கு நிக்கிற பசங்கெல்லாம் போன தூக்கிக்கினு வீடியோ எடுக்குதுங்க. ஓனரு, நைட்டியிலேயே வந்து நில்லு, பேமிலி கூட்டம் அதிகமா வரும்னாரு. பதினோரு வருஷமா மாஸ்டர் மாஸ்டர்னு கூப்ட்ட கடை. வலிச்சுது சார். ரொம்ப வலிச்சுது.

வீட்டுக்குப் போயி பவானிகிட்ட சொல்லிட்டேன். இனிமே என்னால முடியாது. நாலு பேரு மொகத்துல முழிக்க முடியல. நீ வேலைய விட்டுடு.

சண்டை போடுவான்னு நெனச்சேன். "சரிங்க"ன்னா. அவ கத்தினா நான் சமாளிச்சுடுவேன், சரின்னு சொன்னாத்தான் எனக்கு பயம். இவன தோள்ல போட்டுக்கினு உள்ள போயிட்டா.

மறுநாளு சனிக்கெழமை, அதுவும் அவளுக்கு வேலை நாளு. நான் முழிச்சுக்கினேதான் படுத்திருந்தேன். தூங்குற மாதிரி கண்ண மூடிக்கினு. அஞ்சு இருபதுக்கு பஸ்ஸு வந்து ஹாரன் அடிச்சுது. அவ செவுத்துல சாய்ஞ்சு உக்காந்து இவனுக்குக் குடுத்துக்கினு இருக்கா. நகரல. ரெண்டாவது ஹாரன். ஓரக்கண்ணால பாத்தேன். நைட்டியிலதான் இருக்கா. ஆனா தலைய சீவி, கொண்டை போட்டு, முடி விழாம இருக்க கம்பெனியில குடுத்த வலைய மாட்டி வெச்சிருக்கா. வேலைக்குப் போவலைன்னு முடிவு பண்ணிட்டு எதுக்கு சார் தலையில வலைய மாட்டணும்? அத பாத்தப்புறம் ஜோசப்பாவது, ஓனராவது.

எந்திரிச்சேன். "அந்த நைட்டிய கழட்டு"ன்னேன்.

"எதுக்கு?"

"சூடு ஆறிடும். கழட்டுடி, பஸ்ஸு நிக்குது."

என்னையே பாத்தா. அப்புறம் இவன என் கையில திணிச்சுட்டு ஓடுனா பாருங்க. பீரோ தொறக்குது, மூடுது, யூனிஃபார்ம் பட்டன மாத்திப் போட்டுக்கினு, ஐஸ் டப்பா எங்க, ஐடி கார்டு எங்கன்னு ஒரே ஓட்டம். மூணாவது ஹாரன் அடிச்சுட்டு பஸ்ஸு கிளம்புற சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் தோணல. நைட்டிய மாட்டிக்கினு, ஜிப்பு ஏறல, ஊக்க குத்திக்கினு, இவன இடுப்புல வெச்சுக்கினு நேரா பால்கனிக்கு ஓடுனேன்.

"அண்ணே! டிரைவர் அண்ணே! ரெண்டே நிமிஷம், வர்றா!"

தெரு பூரா கேட்டிருக்கும். பஸ்ஸு நின்னுச்சு. எல்லா ஜன்னல்லயும் தலை. முப்பது பொண்ணுங்க சார், எல்லாம் தலையில வலையோட என்னை அண்ணாந்து பாக்குதுங்க. மீசை, நைட்டி, இடுப்புல புள்ள. நான் நகரல. பவானி ஓடிப் போயி ஏர்ற வரைக்கும் அப்படியே நின்னேன்.

உள்ள ஏறுனதும், யாருடி அது பால்கனியிலன்னு எல்லாரும் கேட்டிருக்காங்க. இவ சட்டுனு, "எங்க மாமியாரு"ன்னு சொல்லியிருக்கா. எவ்ளோ கொழுப்பு பாருங்க. சாயங்காலம் என்கிட்ட சொல்லிச் சொல்லி சிரிக்கிறா. திட்டலாம்னு வாயத் தொறந்தேன். அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சுன்னு விட்டுட்டேன்.

அதுலேருந்து தினமும் இதான் நடக்குது. காலையில பஸ்ஸு வந்ததும் முப்பது பொண்ணுங்களும் ஜன்னல் வழியா கைய நீட்டி, "அத்தை, போயிட்டு வர்றோம்!"னு கத்துதுங்க. நானும் இவன் கையப் புடிச்சு டாட்டா காட்டுவேன். பின்ன இன்னா சார் பண்றது? நான் பால்கனிக்கு வரலைன்னா அந்த டிரைவரு வண்டிய எடுக்கவே மாட்டேங்குறாரு.